எட்டு நாடுகளும் இரண்டு கிலோவும்

உலகத்தின் உச்சந்தலையில் பனி உருகுவதைப் பற்றிப் பேச எட்டு நாடுகள் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலை மலைக்கு வந்திருந்தன. ஏன் இங்கே என்று கேட்டால் பதில் சுலபம். எட்டில் எந்த நாட்டில் கூட்டம் வைத்தாலும் மற்ற ஏழும் வரமாட்டோம் என்றன. கடைசியில் யாரோ ஒருவர் நுவரெலியாப் பக்கம் நல்ல குளிர் என்று சொல்ல, அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

ஒரு காலத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை இருந்த ஐவன்ஹில் பங்களா இப்போது ஹோட்டல். வாசலில் 'வடதுருவ ஒத்துழைப்பு மாமன்றம்: விசேட அமர்வு' என்று பதாகை கட்டியிருந்தார்கள். அதில் ஒரு பனிக்கரடி. கரடியின் காலடியில் ஹோட்டல் தன் முத்திரையான கொழுந்தை அச்சடித்திருந்ததால், கரடி கொழுந்து கிள்ள வந்து நிற்பது போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தக் கரடிக்குக் கீழே ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. பின்னாலிருந்து கமலேஸ்வரி இறங்கினார். சாவகச்சேரியில் பிறந்து, ஹட்டனுக்கு நியமனம் பெற்று வந்து, இருபத்தாறு வருடம் கணிதம் படிப்பித்து, ஊருக்குத் திரும்பாமலே ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். எந்தப் பிள்ளை எந்த வரியில் பிழை விட்டது என்று கண்டுபிடிப்பதும் எந்த ஆள் எங்கே திருடினான் என்று கண்டுபிடிப்பதும் ஒரே வேலை என்பது அவர் கட்சி.

முன்னாலிருந்து இறங்கிய ஜூட்சன் அவருடைய சாரதி, உதவியாளன், பழைய மாணவன். நாற்பது வயது. கணிதத்தில் அவன் எடுத்த ஆகக் கூடிய புள்ளி ஒன்பது. அதை இருவரும் இன்னும் மறக்கவில்லை.

"டீச்சர், அந்தக் கரடிக்குத் தோட்டத்துல வேலைக்குப் பேர் பதிஞ்சாச்சாங்களா? கைல கூடையைக் காணோமே."

"வாயை மூடிக்கொண்டு வாரும்."

முகாமையாளர் துஷாந்த் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார். வெளியே பன்னிரண்டு பாகைக் குளிர்.

"மேடம், இது சாதாரண தெஃப்ட் இல்ல. இன்டர்நேஷனல் இன்சிடென்ட்."

"என்ன களவு போனது?"

"ஐஸ்."

ஜூட்சன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தான். சிரிப்பு வரும்போது அவன் மலையைத்தான் பார்ப்பான்.

துஷாந்த் விளக்கினார். துருவத்தில் எட்டு நாடுகளும் சேர்ந்து ஆழத்துளை போட்டு எடுத்த பனிக்கட்டி. முப்பதாயிரம் வருடப் பழசு. அந்த எட்டும் கடைசியாகச் சேர்ந்து செய்த காரியம் அதுதான். பிறகு சண்டை பிடித்துக்கொண்டு ஐந்து வருடம் முகம் பார்க்கவில்லை. இன்று பின்னேரம் மூன்று மணிக்கு, ஒற்றுமையின் அடையாளமாக அந்தக் கட்டியை எட்டாக வெட்டிப் பங்கிட்டு, பனி உருகும் அளவுகளை ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதாக இருந்தது.

"நேத்துக் காலைல கட்டுநாயக்க ஏர்போர்ட்டுல நிறுத்தப்போ பெட்டியோட இருபத்து நாலு கிலோ. மத்தியானம் நம்ம ஸ்டோர்ல நிறுத்தப்போ இருபத்து ரெண்டு. ஆறாம் அறைக்காரங்க ராத்திரி ரிஜிஸ்டரைப் பார்த்துட்டாங்க. ரெண்டு கிலோ வராம கையெழுத்து இல்லையாம்."

நாடுகளின் பெயரைச் சொன்னால் உச்சரிப்பில் அவமதிப்பு நேரலாம் என்று ஹோட்டலில் எல்லோரும் அறை இலக்கத்தால்தான் அவர்களைக் குறிப்பிட்டார்கள்.

"இப்ப எத்தனை கிலோ இருக்குது?" என்றார் கமலேஸ்வரி.

துஷாந்த் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "இப்ப நிறுக்க முடியாது மேடம்."

"ஏன்?"

"எட்டு நாடும் ஒத்துக்கணும்."

அதுதான் மாமன்றத்தின் சட்டம். எதைச் செய்வதானாலும் எட்டுக் கையும் உயர வேண்டும். ஹோட்டல் தராசு நாலாம் அறையின் நாட்டில் செய்தது, அதை நம்பமாட்டோம் என்றது ஆறாம் அறை. விமான நிலையத் தராசு ஆறாம் அறையின் நாட்டில் செய்தது, அதை மட்டும் எப்படி நம்புவது என்றது நாலாம் அறை. தராசுகளுக்கென்று ஒரு தொழில்நுட்ப உபகுழு அமைக்கலாம் என்றது இரண்டாம் அறை. உபகுழு மூன்று மணி நேரம் கூடி, தனக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு கலைந்தது.

"அப்ப பொலிஸ்?"

"மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். ஆள் யார்னு தெரியும் மேடம். குளிர் அறைச் சாவி ஒரே ஆள்கிட்டதான். வினோதான்னு ஒரு பொண்ணு. டிஸ்மிசல் லெட்டரும் அடிச்சாச்சு." அவர் மேசையிலிருந்த உறையைத் தட்டிக் காட்டினார். "உங்களைக் கூப்பிட்டது, ரெண்டு கிலோ எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கத்தான்."

வினோதா குளிர் அறை வாசலில் கம்பளிச் சட்டையோடு நின்றாள். முப்பத்து நாலு வயது. இதே தோட்டத்தில் பதினொரு வருடம் கொழுந்து எடுத்துவிட்டு, இரண்டு வருடமாக இங்கே வேலை. ஹோட்டலும் தோட்டமும் ஒரே கம்பனியுடையவை. வேலை போனால் அவள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். உள்ளே இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை அவள் சொல்லவில்லை. ஜூட்சன்தான் விசாரித்து வந்து சொன்னான்.

"நான் எடுக்கலைங்க டீச்சர்."

"நான் எடுத்தனீர் எண்டு சொல்லேல்லைப் பிள்ளை. நடந்ததைச் சொல்லும்."

"லொறி வந்துச்சு. ஸ்டோர்க் கணக்கு எழுதுற செல்லசாமியண்ணன் நிறுத்து எழுதினாரு. நான் தூக்கிட்டுப் போயி உள்ள வச்சேன். பூட்டினேன். சாவி இடுப்புல." அவள் கையை விரித்தாள். "ஐஸைத் திருடி நான் என்னாங்க செய்றது? இந்த ஊருல சும்மா நின்னாலே வெறைக்குது."

கமலேஸ்வரி உள்ளே பார்த்தார். பெட்டியைச் சுற்றி எட்டு நிறத்தில் எட்டு முத்திரை நாடா. ஒன்றும் கிழியவில்லை. கீழே தரை காய்ந்து கிடந்தது.

"முத்திரை உடையேல்லை. தண்ணி சிந்தேல்லை. ரெண்டு கிலோவைக் காணேல்லை" என்று அவர் முணுமுணுத்தார். பிறகு ஸ்டோருக்குப் போய், ஜூட்சனைத் தராசில் ஏறச் சொன்னார்.

"எதுக்குங்க?"

"ஏறும்."

முள் எண்பத்து நாலில் நின்றது.

"பாத்தீங்களா, தராசு பிழை" என்றான் ஜூட்சன்.

"போன கிழமை டிஸ்பென்சரியில உம்மை நிறுத்துப்போட்டு ஐவி எனக்குப் போன் எடுத்து அழுதவ. எண்பத்து நாலு எண்டுதான் அழுதவ. தராசு சரி."

ஐவி ஜூட்சனின் மனைவி. அந்த எண்பத்து நாலுக்குப் பிறகு அவன் வீட்டில் இரவுக்குக் கஞ்சி மட்டும்தான்.

கமலேஸ்வரி ரிஜிஸ்டரைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் கடைக்காரர் தந்த பில்லையும் சேர்த்துக் குத்தியிருந்தார்கள். பில்லில் மீன் இருபது கிலோ, ரிஜிஸ்டரில் பதினெட்டு. கோழி முப்பது, ரிஜிஸ்டரில் இருபத்தெட்டு. கரட் ஐம்பது, ரிஜிஸ்டரில் நாற்பத்தெட்டு.

துஷாந்த் பெருமையாக எட்டிப் பார்த்தார். "மூணு சப்ளையரை நிப்பாட்டிட்டேன் மேடம். எல்லாம் கள்ளனுங்க. செல்லசாமி கண்ணுல ஒண்ணும் தப்பாது."

"ஜூட்சன், இருபது கிலோ மீனிலையும் ரெண்டு. ஐம்பது கிலோ கரட்டிலையும் ரெண்டு. இப்ப ஐஸிலையும் ரெண்டு. என்ன விளங்குது?"

"கள்ளன் அளவாச் சாப்பிடுறவன் டீச்சர். ஐவி வளர்த்த ஆளா இருக்கணும்."

"செல்லசாமி எங்கே?"

துஷாந்தின் முகம் மாறியது. அதுவரை அவருக்கே தோன்றாத ஒன்று அப்போதுதான் தோன்றியது. "நேத்து அந்தப் பெட்டியை நிறுத்த கையோட லீவுல போனாரு. பொகவந்தலாவையில மகள் வீடு. போன் வேலை செய்யல." குரலைத் தாழ்த்தினார். "மேடம், எஸ்கேப்பா?"

கமலேஸ்வரி அந்த விலாசத்தை வாங்கிக்கொண்டு த்ரீவீலரில் ஏறிவிட்டார்.

நோர்வூட் தாண்டியதும் முன்னால் ஒரு பஸ். அந்தப் பாதையில் பஸ்ஸை முந்துவதற்கும் எட்டுக் கை உயர வேண்டும்.

"டீச்சர், பனி உருகினா அவங்களுக்கு என்னாங்க நட்டம்?"

"நட்டம் இல்லை, லாபம். உருகினால் கப்பல் போக வழி திறக்கும். அடியில எண்ணெய் இருக்காம். அதுதான் எல்லாரும் கவலைப்படுகினம்."

"உருகுதேன்னு கவலையா, மத்தவன் முந்திருவானோன்னு கவலையா?"

"அதைத்தான் அஞ்சு நாளாக் கதைக்கினம்."

"மண்டபத்துப் பின்வரிசையில பதினொரு கொடி இருந்துச்சே, அவங்க யாருங்க?"

"பார்வையாளர் நாடுகள். வரலாம், இருக்கலாம், சாப்பிடலாம். வாய் திறக்கேலாது."

"அரைப்பேரு" என்றான் ஜூட்சன் உடனே. "குறிச்ச கிலோ எடுக்காட்டி தோட்டத்துல அரைநாள் பேருதான் விழும், அரைச் சம்பளம். எட்டு முழுப்பேரு, பதினொண்ணு அரைப்பேரு. காலைல பேர் குடுக்கப் பெரட்டுக் களத்துல நின்னு பழகின எங்களுக்கு இது லேசா விளங்கும்."

"ஓரத்தில இன்னொரு கதிரையும் இருக்கு. அந்தப் பனியிலேயே பிறந்து வளர்ந்த சனத்துக்கு. அவை கதைக்கலாம், ஆனால் கை உயர்த்தேலாது."

முன்னால் பஸ் நின்றது. ஜூட்சன் பிரேக் பிடித்தான். 

"அதுவும் விளங்குதுங்க" என்றான்.

பொகவந்தலாவையில் செல்லசாமியைத் தேட வேண்டியிருக்கவில்லை. லயத்துக் கூரை மேல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் ஆணிகளோடு தகரம் அடித்துக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று வயது. மலையின் மூன்று பக்கத்திலிருந்தும் தெரிந்தார்.

"தலைமறைவா இருக்கிற ஆளு இவ்வளவு உசரத்துலயா இருப்பாரு?" என்றான் ஜூட்சன்.

கமலேஸ்வரி கீழேயிருந்தே விஷயத்தைச் சொன்னார். செல்லசாமி ஆணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ரெண்டு கிலோ ஐஸா? அம்மா, முப்பத்திரண்டு வருஷம் தோட்டத்துல கொழுந்து நிறுத்த கணக்கப்பிள்ளை நான். அதுக்குப் பிறகுதான் ஹோட்டல் ஸ்டோர். ஒரு இலை என் வீட்டுக்குப் போனதில்ல. நிறுத்தேன், எழுதினேன், லீவுல வந்தேன். மழைக்கு முந்தி தகரம் மாத்தித் தாங்கன்னு மகள் ஒரு மாசமாக் கத்துது."

"நீங்கள் எடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும் ஐயா. ஒருக்காக் கடைத்தெருவுக்கு வாங்கோ. ஒரு சாமானை நிறுத்து எழுதித் தரவேணும்."

"என்னா சாமானுங்க?"

கமலேஸ்வரி ஜூட்சனைக் காட்டினார்.

"நான் என்னாங்க குத்தம் செஞ்சேன்?" என்றான் ஜூட்சன். "ஒரே நாள்ல ரெண்டு தடவை நிறுக்கிறது இறைச்சியைக்கூடச் செய்ய மாட்டாங்க."

மரக்கறி வாங்கும் கடையொன்றின் முன்னால் வட்ட முகத் தராசு ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் செல்லசாமியின் முதுகு தானாக நிமிர்ந்தது. காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்தார். கமலேஸ்வரி ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தார். ஜூட்சன் ஏறி நின்று மூச்சை இழுத்துப் பிடித்தான்.

"வயித்தை எக்கினா கிலோ குறையாதுங்க தம்பி. என்கிட்ட இந்த வேலையெல்லாம் நிறையப் பேரு காட்டியாச்சு."

முள் ஆடி நின்றது. எண்பத்து நாலு. மூவரும் பார்த்தார்கள். செல்லசாமியின் கண் எண்பத்து நாலைப் பார்த்தது. கை எழுதியது. தாளை நீட்டினார்.

எண்பத்து இரண்டு.

"இதை ஐவிக்குக் காட்டலாமாங்க?" என்றான் ஜூட்சன் ஆவலோடு.

"ஐயா, தராசு எவ்வளவு காட்டுது?"

"எண்பத்து நாலு."

"நீங்கள் எழுதினது?"

செல்லசாமி தாளைத் திருப்பிப் பார்த்தார். "எண்பத்து ரெண்டு. சரிதானுங்களே."

"எப்பிடிச் சரி?"

"தண்ணிக்கு ஒண்ணு, சாக்குக்கு ஒண்ணு" என்றார் செல்லசாமி, சின்னப் பிள்ளைக்கும் தெரிந்ததைச் சொல்பவர் போல.

ஜூட்சன் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான். "சாக்கா? இது நத்தார்ப் பண்டிகைக்கு ஐவி எடுத்துக் குடுத்த சட்டைங்க."

செல்லசாமி விளக்கினார். காலையில் கொழுந்து பனி பிடித்து ஈரமாக வரும், அதனால் தண்ணிக்கு ஒரு கிலோ. சாக்கின் பாரத்துக்கு ஒரு கிலோ. நிறுத்ததும் இரண்டு கழித்துத்தான் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுத்தது. கண்ணுக்கும் கைக்கும் நடுவே அது தானாக நடந்துவிடும்.

"வெயில் அடிச்ச நாளில?"

"அன்னிக்கும்தான். சட்டம் சட்டந்தானுங்களே."

"மீனுக்கு?"

"மீன் தண்ணியில இருந்துதானுங்க வருது."

"ஐஸுக்கு?"

இந்தக் கேள்வியில் செல்லசாமிக்கே சற்று வருத்தம் வந்துவிட்டது. "ஐஸு முழுக்கத் தண்ணிங்கம்மா. நியாயப்படி பூராவையும் கழிக்கணும். வெளிநாட்டுக்காரங்களாச்சேன்னு ரெண்டோட விட்டேன்."

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் த்ரீவீலர் கரடியின் கீழ் திரும்ப வந்து நின்றது. போர்ட்டிக்கோவில் பொலிஸ் ஜீப். உள்ளே ஒரு சார்ஜன்ட் பார்வையாளர் நாடுகளுக்கான கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மண்டப வாசலில் வினோதா நின்றாள். அவள் கையில் உறை ஏறிவிட்டிருந்தது.

மண்டபத்தில் எட்டுக் கொடி, எட்டுத் தண்ணீர்ப் போத்தல், நடுவே தள்ளுவண்டியில் முத்திரை உடையாத பெட்டி. மன்றத் தலைவர் டாக்டர் ஹென்ரிக்சன், ஒவ்வொரு வசனத்தையும் சலவை செய்து இஸ்திரி போட்டுத்தான் வெளியே விடுவார். துஷாந்த் மொழிபெயர்த்தார்.

கமலேஸ்வரி கரும்பலகை இல்லாத குறையைத் தவிர வேறு குறையில்லாமல் விளக்கினார். மீன், கோழி, கரட், ஜூட்சன், ஐஸ். எல்லாவற்றிலும் இரண்டு. செல்லசாமி முன்னால் வந்து தாளைக் காட்டினார். ஜூட்சன் சான்றுப் பொருளாகத் திரும்பி நின்று காட்டினான்.

"ஆக, களவே நடக்கேல்லை" என்று முடித்தார் கமலேஸ்வரி. "பெட்டி நேற்றும் இருபத்து நாலு, இண்டைக்கும் இருபத்து நாலு."

தலைவர் கைகளைக் கோத்துக்கொண்டார். துஷாந்த் மொழிபெயர்த்தார்: "உள்ளூர் நிபுணரோட கருத்தை மன்றம் நன்றியோட கவனத்துல எடுக்குதாம். ஆனா இது ஒரு கருதுகோள்தானாம். ஏத்துக்கணும்னா பெட்டியை நிறுத்துப் பார்க்கணுமாம்."

"நிறுங்கோவன்."

"அதுக்கு எட்டு நாடும் ஒத்துக்கணுமாம்."

நாலாம் அறை ஆறாம் அறையைப் பார்த்தது. ஆறாம் அறை கூரையைப் பார்த்தது. இரண்டாம் அறை உபகுழுவின் பெயரை ஒரு தடவை நினைவூட்டியது. அவ்வளவுதான். முப்பதாயிரம் வருடம் காத்திருந்த பனி இன்னும் கொஞ்சம் காத்திருக்கத் தயாராகியது.  கணக்குச் சரியாக வந்தும் புள்ளி கிடைக்காத பிள்ளையின் முகம் கமலேஸ்வரிக்கு.

சார்ஜன்ட் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இருபத்து நாலுதாங்க" என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான்தானே தூக்கிட்டுப் போனேன்" என்றாள் வினோதா. "தூக்கினப்பவே தெரியும். இருபத்து நாலு."

"ஏன் பிள்ளை, காலமை சொல்லேல்லை?"

"எடுத்தியான்னு கேட்டாங்க. எடுக்கலைன்னேன். எவ்வளவு கனம் இருந்துச்சுன்னு யாரும் கேக்கலைங்களே." சற்று நிறுத்திச் சொன்னாள். "நீங்களும் கேக்கல டீச்சர்."

இருபத்தாறு வருடம் மற்றவர்களின் பிழைக்குச் சிவப்புக் கோடு இழுத்த கமலேஸ்வரி, அந்த இடத்தில் தனக்கே ஒன்று இழுத்துக்கொண்டார். "ஓம். நானும் கேட்கேல்லை."

துஷாந்த் மொழிபெயர்க்கத் தயங்கினார். ஜூட்சன், கணிதம் போலவே ஒன்பது புள்ளிக்கு மேல் தேறாத தன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டான். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. ஒரு பெண்ணின் தோள் ஒரு விஞ்ஞானக் கருவியா என்று ஆறாம் அறை கேட்டது.

"சூட்கேஸைக் கொண்டு வரச் சொல்லுங்க" என்றாள் வினோதா.

அன்று மாலையே எட்டு நாட்டாரும் புறப்படுவதால் அவர்களுடைய பெட்டிகளெல்லாம் வராந்தாவில் அடுக்கியிருந்தன. விமானத்தில் வந்தபோது ஒட்டிய நிறைச் சீட்டும் அவற்றில் அப்படியே இருந்தது. ஜூட்சன் சீட்டை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்த்தினான். வினோதா முதலாவதைத் தூக்கினாள்.

"இருபத்தி ரெண்டு."

ஜூட்சன் கையை எடுத்தான். இருபத்திரண்டு. நாலாம் அறை கதிரையில் நிமிர்ந்தது.

"பதினாலரை." பதினாலரை.

"பத்தொன்பது." பத்தொன்பது.

ஆறாம் அறையின் பெட்டியைத் தூக்கியதும் கொஞ்சம் நின்றாள். இறக்கி வைத்து, திரும்பத் தூக்கினாள். "பத்தொன்பது. கொஞ்சம் கூட இருக்கும்."

சீட்டில் பதினேழரை என்றிருந்தது. ஆறாம் அறை வெற்றியோடு சிரித்தது.

"வந்தப்ப பதினேழரையா இருக்கும்" என்றாள் வினோதா. "பிறகு போத்தல் ஏறியிருக்கு. ஆடுது."

திறந்து பார்த்தார்கள். ஹோட்டல் பாரின் முத்திரையோடு ஒரு போத்தல், ஒரு சட்டைக்குள் நித்திரை கொண்டிருந்தது. துஷாந்த் சட்டையைப் போத்தல் மேல் திரும்ப இழுத்து மூடினார். ஆறாம் அறை அதற்கு மேல் விஞ்ஞானம் பற்றிப் பேசவில்லை.

எப்படித் தெரியும் என்று தலைவர் கேட்டார். வினோதா செல்லசாமியைப் பார்த்தாள்.

"பதினொரு வருஷம் அண்ணன்கிட்டத்தான் நிறுத்தேன். என் தோள் ஒண்ணு சொல்லும், அண்ணன் பென்சில் ஒண்ணு சொல்லும். தினமும் ரெண்டு கிலோ வித்தியாசம். ஒண்ணு என் தோள் பிழையா இருக்கணும், இல்லாட்டி பென்சில். தோள் பிழை இல்லைன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு."

பிறகு நடந்தது மாமன்ற வரலாற்றில் பதிவானது. வினோதா எந்த நாட்டிலும் செய்யப்பட்ட தராசு அல்ல, அவளை எந்த நாடும் அளவு திருத்தவில்லை, எனவே அவள் நடுநிலையான கருவி என்று இரண்டாம் அறை பிரேரித்தது. முதலில் நாலாம் அறையின் கை உயர்ந்தது. கடைசியாக, போத்தலை யோசித்துக்கொண்டே, ஆறாம் அறையின் கையும் உயர்ந்தது. எட்டுக் கை. ஐந்து வருடத்தில் முதல் தடவை. ஓரக் கதிரையில் இருந்த, பனியில் பிறந்த சனத்தின் பெரியவரும் தன் கையை உயர்த்தினார். அதை எண்ணக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

வினோதா முழங்காலை முட்டுக் கொடுத்துப் பெட்டியைத் தோளுக்கு ஏற்றினாள். ஒரு கணம் கண்ணை மூடினாள்.

"இருபத்து நாலு. நேத்து மாதிரியே."

கைதட்டினார்கள். பனியை எட்டாக வெட்டினார்கள். வெட்டியதைப் பெட்டிகளில் வைத்துப் பூட்டிவிட்டு, உருகும் அளவை ஒருவருக்கொருவர் மறைக்கமாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள். வெட்டும்போது உருகிச் சிந்தியதை யாரும் அளக்கவில்லை. துஷாந்த் வினோதாவின் கையிலிருந்த உறையை வாங்கி, தன் கோட்டுப் பைக்குள் வைக்கப் போனார். ஜூட்சன் கையை நீட்டினான். உறை ஜூட்சனிடம் வந்து நாலாகக் கிழிந்தது. மூன்று சப்ளையர்களுக்கும் போன் எடுக்க வேண்டும் என்று கமலேஸ்வரி ஞாபகப்படுத்தினார்.

எல்லோரும் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது வினோதா போகாமல் அங்கேயே நின்றாள்.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றாள். "ஐஸ்ல ரெண்டு கிலோ குறைஞ்சதுக்கு எட்டு நாடு கூடுச்சு, பொலிஸ் வந்துச்சு. என் கொழுந்துல தினமும் ரெண்டு கிலோ குறைஞ்சுச்சே, அதை எந்த நாடு எடுத்துச்சுங்க?"

இதை மொழிபெயர்க்க வேண்டியது துஷாந்த். மொழிபெயர்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் தூக்கிய கோப்பைகள் பாதியில் நின்றன. தலைவர் கோப்பையைக் கீழே வைத்து, ஒரு வசனத்தை இஸ்திரி போட்டு எடுத்தார். அந்த விடயம் இம்மன்றத்தின் ஆணைக்கு உட்பட்டதல்ல. பார்வையாளர் நாடுகள் பதினொன்றும் அதை ஆமோதிப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தன.

செல்லசாமி காதிடுக்கிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். "எனக்குச் சொல்லிக் குடுத்தபடிதானே புள்ள எழுதினேன்."

"யாருண்ணே சொல்லிக் குடுத்தது?"

"எனக்கு முந்தி இருந்தவரு."

"அவருக்கு?"

செல்லசாமி பென்சிலை மேசையில், எட்டுப் பேர் கையெழுத்திட்ட எட்டுப் பேனாக்களுக்குப் பக்கத்தில், வைத்தார்.

கமலேஸ்வரி த்ரீவீலரில் ஏறியவர் திரும்ப இறங்கினார். வினோதாவையும் வந்து முன்னால் நிற்கச் சொன்னார்.

"ஜூட்சன், கொப்பியை எடும். புதுக் கேஸ். முறைப்பாட்டுக்காரர், வினோதா. காணாமல் போனது, பச்சைக் கொழுந்து. ஒரு நாளைக்கு ரெண்டு கிலோ. பதினொரு வருஷம்."

ஜூட்சன் எழுதினான். பென்சில் பாதியில் நின்றது. அவன் மலையைப் பார்க்கவில்லை.

"டீச்சர், தண்ணிக்கு ஏதும் கழிக்கணுங்களா?"

"ஒரு சொட்டும் கழிக்காதையும்" என்றார் கமலேஸ்வரி.